டாக்டர் ஓட்டிய வண்டி

சென்னையில் பழைய கார் விற்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "டாக்டர் ஓட்டிய வண்டி, சிங்கிள் ஓனர், முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு." முகவரி மயிலாப்பூர் என்றோ ஆழ்வார்பேட்டை என்றோ இருந்துவிட்டால் விலை இன்னும் கொஞ்சம் ஏறும். வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் போய் வந்த வண்டி, யாரும் முரட்டுத்தனமாக ஓட்டியதில்லை, கிலோமீட்டரும் குறைவு. வாங்குகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? பெட்ரோல் காருக்கு இந்த நியாயம் பெரும்பாலும் செல்லும். ஆனால் ஸ்கோடா சூப்பர்ப், பி.எம்.டபிள்யூ 520டி போன்ற டீசல் எக்ஸிக்யூட்டிவ் கார் ஒன்றைப் பற்றிச் சொல்லும்போது, அதே வாக்கியத்தை ஓர் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. பழைய டீசல் காரின் உடல்நிலையை அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட, அவை எப்படிப்பட்ட கிலோமீட்டர்கள் என்பதுதான் கூடுதலாகத் தீர்மானிக்கிறது. காரணம் அந்த இன்ஜினின் பிறவிக் குணத்தில் இருக்கிறது.

ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய முதல் வெற்றிகரமான இன்ஜினுக்கு ஒரே சிலிண்டர். ஏறத்தாழ 20 குதிரைத்திறன். எரிபொருளில் இருந்த ஆற்றலில் 26 சதவீதத்தை அது வேலையாக மாற்றியது. அன்றைய நீராவி இன்ஜின்கள் பத்து சதவீதத்தை எட்டவே திணறின. இந்த எண்ணைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, அந்த இன்ஜின் எந்த வேலைக்காகப் பிறந்தது என்பது. தொழிற்சாலையில் ஓரிடத்தில் நின்று, காலையில் கிளப்பினால் மாலைவரை ஒரே வேகத்தில், ஒரே சுமையில் ஓடுவதற்கான இயந்திரம் அது. பிறகு கப்பலுக்குப் போனது, ரயிலுக்குப் போனது, லாரிக்குப் போனது. எல்லாம் மணிக்கணக்கில் இடைவிடாமல் ஓடும் வேலைகள். மெர்சிடிஸ் பென்ஸ் 1936-ல் 260டி என்ற டீசல் காரைக் கொண்டுவந்தபோதுகூட, அதை முதலில் விரும்பி வாங்கியவர்கள் நாள் முழுக்க ஓட்டும் டாக்சிக்காரர்கள்தான். நம் ஊரில் அம்பாசடர் டீசலும் அப்படியே. லஸ் முனையிலிருந்து தியாகராய நகருக்குப் போய், புடவை எடுத்துக்கொண்டு திரும்பும் வேலைக்கு இந்த இன்ஜின் பழக்கப்படுத்தப்பட்டது மிகப் பிற்பாடு. அதுவும் பாதிதான் பழகியது.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் வெறும் காற்றை மட்டும் இழுத்து, பதினாறு முதல் பத்தொன்பது மடங்கு வரை அமுக்குகிறது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பாகம் சுடுவது எல்லாருக்கும் தெரியும். சென்னையின் 30 டிகிரி காற்றைப் பதினெட்டு மடங்கு அமுக்கினால் அதன் வெப்பம் ஏறத்தாழ 550 டிகிரி செல்சியஸுக்குப் போய்விடும். டீசல் தானாகப் பற்றிக்கொள்ள 210 டிகிரி போதும். ஆகவே அந்தக் காற்றில் டீசலைப் பனிபோல் தெளித்த கணத்தில் அது எரிகிறது. எவ்வளவு அதிகம் அமுக்குகிறோமோ, எரிந்த வாயு விரிய அவ்வளவு இடம் கிடைக்கும். விரிவு அதிகமானால் வேலையும் அதிகம். நல்ல டீசல் கார் இன்ஜின் தன் சிறந்த நிலையில் 40 சதவீதத் திறனைத் தொடுவது இதனால்தான். போதாக்குறைக்கு, ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆற்றல் கூடுதல். இரண்டும் சேர்ந்ததுதான் நாம் மைலேஜ் என்று கொண்டாடும் விஷயம்.

இந்த நற்குணங்கள் நகருக்குள் மறைந்துவிடுவதில்லை. இங்கேதான் என் வாதத்துக்கு முதல் வலுவான மறுப்பு வருகிறது. பெட்ரோல் இன்ஜினில் வேகத்தைக் குறைக்க, காற்று நுழையும் வழியையே மூட வேண்டும். மூடிய வழியாகக் காற்றை உறிஞ்சுவதில் அது தன் சக்தியைத் தானே தின்கிறது. டீசல் காற்றைத் தடுப்பதில்லை. எரிபொருளை மட்டும் குறைத்துக்கொள்கிறது. சிக்னலில் நிற்கும்போது ஒரு பங்கு எரிபொருளுக்கு ஐம்பது பங்குக்கு மேல் காற்று போய்க்கொண்டிருக்கும். ஆகவே ராயப்பேட்டை ஹை ரோட்டு நெரிசலில் ஏசி போட்டுக்கொண்டு நின்றாலும் டீசல் குறைவாகவே குடிக்கும். இழுவையும் அப்படித்தான். பழைய ஆக்டேவியாவின் 1.9 லிட்டர் டி.டி.ஐ. இன்ஜின் 90 குதிரைத்திறன் மட்டுமே கொண்டது. ஆனால் தன் முழு இழுவையான 210 நியூட்டன் மீட்டரை 1,900 சுழற்சியிலேயே கொடுத்துவிடும். ஆக்சிலரேட்டரைத் தொட்டாலே வண்டி நகரும். கியரை அடிக்கடி மாற்ற வேண்டாம். ஐந்து பேரும் மூட்டைகளுமாக மேம்பாலம் ஏறும்போது இந்த நிதானமான பலத்துக்கு ஈடு இல்லை. டீசல் கார் ஓட்டிப் பழகியவர்கள் பெட்ரோலுக்கு மாறத் தயங்குவதன் காரணம் இதுதான்; அந்தத் தயக்கத்தில் அறிவியல் நியாயம் இருக்கிறது.

ஆனால் சிக்கனத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. வீணாகும் வெப்பம் குறைவு என்றால், இன்ஜின் சூடாகவும் நேரமாகும். அவ்வளவு அதிகக் காற்றில் அவ்வளவு குறைந்த எரிபொருள் எரிந்தால் வெளியேறும் புகையும் மந்தமான சூட்டில்தான் இருக்கும். மயிலாப்பூரின் கச்சேரி சாலையிலும் மாட வீதிகளிலும் ஊர்ந்து போகும்போது பெரும்பாலும் 150 முதல் 250 டிகிரிதான். இதோடு கரியின் கதை சேர்கிறது. டீசல், காற்றோடு முன்கூட்டியே கலந்து எரிவதில்லை. தெளித்த துளியின் ஓரத்தில் காற்று தாராளம், நடுவில் பஞ்சம். அந்த நடுப்பகுதியில்தான் கரி பிறக்கிறது. நல்ல சூட்டில் அதில் பெரும்பகுதி மீண்டும் எரிந்துவிடும். ஆறிய இன்ஜினில் மிஞ்சிவிடும். இன்னொரு பக்கம், சூடு அதிகமானால் காற்றிலுள்ள நைட்ரஜன் எரிந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகும். அதைக் குறைக்க, புகையின் ஒரு பகுதியையே திருப்பி இன்ஜினுக்குள் அனுப்புகிறார்கள். இதற்கான வால்வைத்தான் மெக்கானிக்குகள் இ.ஜி.ஆர். என்கிறார்கள். திரும்பி வந்த புகையில் ஆக்சிஜன் குறைவு என்பதால் எரிசூடு தணிகிறது, நைட்ரஜன் ஆக்சைடு குறைகிறது. ஆனால் கரி கூடுகிறது. ஒன்றை அடக்கினால் மற்றது தலைதூக்கும் இந்த இழுபறியிலிருந்து டீசல் பொறியியல் இன்றுவரை முழுதாக விடுபடவில்லை. இந்த வால்வு அதிகம் திறந்திருப்பது எப்போது? குறைந்த சுமையில், மெதுவான ஓட்டத்தில், அதாவது மயிலாப்பூரில். உள்ளே திரும்பும் கரியும், இன்ஜினிலிருந்து வரும் ஆயில் ஆவியும் சேர்ந்து, காற்று நுழையும் குழாயின் சுவரில் தார் போலப் படிகின்றன. டர்போவுக்குள் புகையின் போக்கைத் திருப்பும் சின்னச் சின்னத் தகடுகள் உண்டு. அவையும் கரியால் இறுகிப் போகும். ஓடோமீட்டர் முப்பதாயிரம் என்று காட்டலாம். குழாயின் உள்விட்டம் வேறு கணக்கைச் சொல்லும்.

இங்கே இன்னொரு மறுப்பு எழும். குறும்பயணம் டீசலுக்கு ஆகாது என்பது ஐரோப்பியர்களின் புலம்பல். அவர்களுக்குப் பனிக்காலம் உண்டு, நமக்கேது? சென்னையில் மார்கழி விடியற்காலையில்கூட இருபது டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். உண்மைதான். டீசல் உறைந்து மெழுகாவது இங்கே நடக்காது. இன்ஜினைக் கிளப்பச் சூடேற்றும் க்ளோ பிளக்குக்கும் வேலை குறைவு. காலையில் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிடும். ஆனால் நம் வெயில் தருகிற சலுகை அங்கேயே முடிகிறது. குளிரூட்டும் நீர் 90 டிகிரியை எட்ட வேண்டும். ஆயில் அதைவிட மெதுவாகச் சூடாகும். கரியை எரித்துத் தீர்க்கப் புகைக்குழாயில் 600 டிகிரி வேண்டும். லண்டன் ஐந்து டிகிரியிலும் சென்னை முப்பது டிகிரியிலும் தொடங்கினால் வித்தியாசம் வெறும் 25 டிகிரி. அறுநூறுக்குப் போகவேண்டிய பயணத்தில் அது ஒரு பொருட்டே இல்லை.

இந்த 600 டிகிரிக் கணக்கு எல்லாப் பழைய டீசலுக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. வண்டி பிறந்த ஆண்டைப் பார்க்க வேண்டும். சென்னைக்கு பாரத் ஸ்டேஜ் 4 விதி 2010 ஏப்ரலில் வந்தது, நாடு முழுமைக்கும் 2017-ல். 2020 ஏப்ரலில் ஸ்டேஜ் 6. டீசலில் கந்தகம் பத்து லட்சம் பங்குக்கு 350 என்பதிலிருந்து 50-க்கும், பிறகு 10-க்கும் இறங்கியது. டீசல் கார் வெளிவிடக்கூடிய துகள், கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து நாலரை மில்லிகிராமுக்கு வந்தது. இந்த நாலரையை வடிகட்டி இல்லாமல் எட்ட முடியாது. அதுதான் டி.பி.எஃப். எனப்படும் துகள் வடிகட்டி: புகை வழியில் வைத்த, நுண்துளைகள் கொண்ட தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் உருளை. ஸ்டேஜ் 4 கால வண்டிகளில் சிலவற்றில் இது இருந்தது, பலவற்றில் இல்லை. ஸ்டேஜ் 6-ல் எல்லாவற்றிலும் உண்டு. வடிகட்டி நிறைந்ததும் இன்ஜின் கூடுதலாக டீசலைத் தெளித்து, புகையைச் சூடேற்றி, கரியைச் சாம்பலாக்கும். பத்து இருபது நிமிடம் தொடர்ந்து ஓடினால்தான் இது முடியும். நடுவில் வீடு வந்து சாவியைத் திருகினால் பாதியில் நின்றுபோகும். அடுத்த நாள் மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். எரியாமல் போன கூடுதல் டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் குறைகிறதா என்று பார்க்கும் குச்சியில் அளவு கூடியிருக்கும். இதை நல்ல சகுனம் என்று நினைத்துவிடக் கூடாது. மெலிந்துபோன ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது.

அப்படியானால் வடிகட்டி இல்லாத பழைய வண்டியை வாங்கலாமே, அல்லது இருக்கும் வடிகட்டியைக் கழற்றிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கழற்றித் தரவும் ஆட்கள் இருக்கிறார்கள். வண்டியின் பக்கம் மட்டும் நின்று பார்த்தால் இது எளிய வழி. ஆனால் வடிகட்டி பிடிக்காத கரி வேறெங்காவது போய்த்தானே ஆகவேண்டும்? அது தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறவர்களின் நுரையீரலுக்குப் போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் பிரிவு அது. 2015-ல் வெளியான ஃபோக்ஸ்வாகன் விவகாரத்தையும் மறக்க முடியாது. பரிசோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்துக் காட்டும் மென்பொருள், ஆய்வகத்துக்கும் தெருவுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதை உலகுக்குக் காட்டியது. இந்தியாவில் மட்டும் அந்தக் குழுமம் 3,23,700 வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. அவற்றில் ஸ்கோடா, ஆடி வண்டிகளும் அடக்கம். குறுகிய தெருவில் வீடுகள் சாலையை ஒட்டி நிற்கும் ஒரு ஊரில், வடிகட்டியைக் கழற்றிய டீசலை ஓட்டுவது எந்தச் சிக்கனத்தாலும் நியாயப்படுத்த முடியாத செயல். இதில் எனக்குச் சமரசம் இல்லை.

கரி ஒருபுறம் இருக்க, ஓடோமீட்டருக்குத் தெரியாத வேறு தேய்மானங்களும் உண்டு. டீசல் சிலிண்டரில் எரியும்போது எழும் அழுத்தம் பெட்ரோலைவிட மிக அதிகம். அந்த அடி ஒவ்வொன்றும் கியர்பாக்ஸுக்குப் போய்ச் சேராமல் தாங்க, நடுவில் ஸ்பிரிங் வைத்த இரட்டை ஃப்ளைவீல் ஒன்று இருக்கும். நெடுஞ்சாலையில் அடிகள் நெருக்கமாக விழுவதால் அதிர்வு குறைவு. ஆயிரம், ஆயிரத்து முந்நூறு சுழற்சியில் ஊர்ந்தால் ஒவ்வொரு அடியும் தனியாக விழும், ஸ்பிரிங் களைத்துப்போகும். டைமிங் பெல்ட் ரப்பர். அது கிலோமீட்டரால் மட்டுமல்ல, ஆண்டுகளாலும் கிழடாகும். பத்தாண்டில் முப்பதாயிரம் ஓடிய வண்டியின் பெல்ட் இன்னும் மாற்றப்படாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம், "இன்னும் கிலோமீட்டர் வரலையே" என்ற சமாதானத்தோடு. பிறகு மழை. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் நின்ற இடத்திலேயே மூழ்கின. இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினில், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது எஞ்சும் இடம் சிலிண்டருக்கு ஏறத்தாழ 32 மில்லிலிட்டர்தான். தண்ணீரை அமுக்க முடியாது. இரண்டு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போனாலே பிஸ்டனின் தண்டு வளைந்துவிடும். பெட்ரோலில் இந்த இடம் ஐம்பது மில்லிலிட்டருக்கு மேல். அடித்தளப் பார்க்கிங்கில் மூழ்கி எழுந்த வண்டியும் குறைந்த கிலோமீட்டரோடுதான் சந்தைக்கு வருகிறது.

பணக்கணக்குக்கு வருவோம். 2012-ல் டீசலுக்கு அரசு மானியம் இருந்தபோது பெட்ரோலுக்கும் டீசலுக்கும் வித்தியாசம் லிட்டருக்கு முப்பது ரூபாயைத் தாண்டியிருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலையை அரசு சந்தையிடம் விட்டது. இப்போது சென்னையில் வித்தியாசம் ஏறத்தாழ எட்டு ரூபாய். நகருக்குள் ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 10, டீசல் 13 கொடுக்கிறது. விலை 101-ம் 92.50-ம் என்று வைத்தால் டீசலால் மிச்சமாவது சுமார் 9,000 ரூபாய். பல ஆண்டுகள் சேர்த்தாலும், கிளட்சையும் இரட்டை ஃப்ளைவீலையும் ஒருமுறை மாற்றும் செலவை அது எட்டாது. மாதாமாதம் திருச்சிக்கோ பெங்களூருக்கோ போய், ஆண்டுக்கு 15,000 ஓட்டுபவருக்கு 13-ம் 18-ம் கிடைத்தால் மிச்சம் 39,000 ரூபாய்க்கு மேல். அவருக்கு இந்த வண்டி உண்மையிலேயே லாபம். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்தியது. ஸ்கோடாவும் அப்போதே விலகிக்கொண்டது. டெல்லியில் பத்து வயதைத் தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை என்ற தீர்ப்பாய உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்தது. அந்த உத்தரவு சென்னைக்குப் பொருந்தாது. ஆனாலும் இவையெல்லாம் சேர்ந்து, ஒருகாலத்தில் எட்டாத உயரத்தில் இருந்த டீசல் செடான்களை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கெட்டும் விலைக்கு இறக்கியிருக்கின்றன. வாங்கும் விலைதான் இறங்கியது. உதிரிபாகத்தின் விலை அந்தப் பழைய உயரத்திலேயே நிற்கிறது.

குறைவாக ஓடிய வண்டிக்கு நியாயமாகத் தரவேண்டிய மதிப்பையும் தந்துவிடுகிறேன். இருக்கை, ஸ்டீயரிங், ஜன்னல் பொத்தான்கள் என்று கையும் உடலும் படும் எல்லாம் அதில் புதிதாகவே இருக்கும். ஒரு லட்சத்து இருபதாயிரம் ஓடிய வண்டியில் ஷாக் அப்சார்பரும் பேரிங்குகளும் நிச்சயம் களைத்திருக்கும். ஆனால் இவை கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும், கணக்கிட முடிந்த செலவுக்குள் முடியும். இன்ஜினுக்குள் படிந்த கரி அப்படியல்ல. மாதம் ஒருமுறை ஜி.எஸ்.டி. சாலையில் நீளமாக ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். எண்பது, தொண்ணூறு வேகத்தில் அரை மணி நேரம் சீராகப் போனால் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். டர்போவின் தகடுகளும் அசைந்து கொடுக்கும். மயிலாப்பூரில் டீசல் வைத்திருப்பவர்கள் இதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. ஆனால் நுழைகுழாயில் ஆண்டுக்கணக்கில் இறுகிய படிவு அந்தச் சூட்டுக்கு அசையாது. அங்கே புகையின் வெப்பம் எட்டுவதே இல்லை. அதைக் கழற்றித்தான் சுரண்ட வேண்டும்.

ஆகவே வாங்கப் போகிறவர், நல்ல மெக்கானிக் ஒருவரோடும் அந்த வண்டிக்குரிய ஸ்கேனரோடும் போகவேண்டும். வடிகட்டியில் எவ்வளவு கரி இருக்கிறது, கடைசியாக அது சுத்தமாகி எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று, டீசலைத் தெளிக்கும் ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு திருத்தம் கேட்கிறது என்பதையெல்லாம் வண்டியின் கணினி நினைவில் வைத்திருக்கும். சர்வீஸ் புத்தகத்தில் கிலோமீட்டரை மட்டுமல்ல, தேதிகளையும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விற்பவரிடம் இன்னொன்றைக் கேளுங்கள். 2021 பிப்ரவரி முதல் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயம். அந்தக் கணக்கின் பட்டியலில் வண்டி எந்தத் தேதியில் எந்தச் சாவடியைக் கடந்தது என்பது வரிசையாக இருக்கும். ஓடோமீட்டரைத் திருத்த ஆள் கிடைக்கும். வங்கியின் பட்டியலைத் திருத்த முடியாது. பரனூர் சுங்கச்சாவடி மயிலாப்பூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர்; அங்கே போய்ச் சேரும்போது இன்ஜின் முழுதாகச் சூடாகியிருக்கும். விலை பேசுவதற்கு முன், அந்தப் பட்டியலில் பரனூரும் விக்கிரவாண்டியும் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.